பகட்டில்லாத ஒரு நாய்

ஆர்லிஸ் ஹெக்லண்ட் நாய் வாங்கப் போகிறாள் என்ற செய்தி ஹோல்ம் லேக்கில் பரவியபோது, ஏன் என்று யாரும் அவளிடம் கேட்கவில்லை. மினசோட்டாவின் அந்தக் கோடியில் கேட்க மாட்டார்கள். அடுத்த வீடு பற்றி எரிந்தால்கூட, "கொஞ்சம் வெதுவெதுப்பா இருக்கு போல?" என்று சொல்லிவிட்டுத்தான் வாளியைத் தேடுவார்கள். கேட்கவில்லையே தவிர, காரணம் எல்லோருக்கும் தெரியும்.

வாரத்தில் ஆறு நாள் ஆர்லிஸ் தபால் நிலையத்தில் இருப்பாள். ஏழாவது நாள் லூத்தரன் சர்ச்சின் மேல்மாடத்தில், குழாய் ஆர்கன் வாசிப்பாள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே ஏறி உட்கார்ந்தவள், இறங்கவே இல்லை. கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று வெளியூர்க்காரர் யாராவது விவரம் தெரியாமல் கேட்டால், "ஞாயித்துக்கிழமை எனக்கு வேலை இருக்கு" என்பாள். அதற்கு மேல் அந்தப் பேச்சு நகராது.

ஒரு ஜனவரியில் ஃபார்கோ நகரத்திலிருந்து திரும்பும் வழியில் அவள் கார் சறுக்கிப் பள்ளத்தில் இறங்கியது. பனிப்புயல் காரை மூடிவிட்டது. மறுநாள் பனி தள்ளும் வண்டிக்காரர் தோண்டி எடுத்தபோது, "பரவாயில்ல, போர்வை இருந்துச்சு" என்றாள். அடுத்த ஞாயிறு வழக்கம்போல வாசித்தாள். ஊரும் மறந்துவிட்டது, அவளும் மறந்ததாகத்தான் நினைத்தாள்.

உடம்பு மறக்கவில்லை. அந்த வருஷக் கிறிஸ்துமஸ் ஆராதனையில், பாட்டின் நடுவே, மாடத்துச் சுவர்கள் நெருங்கி வந்தன. மூச்சு முட்டியது, விரல்கள் மரத்தன. செத்துப்போகிறோம் என்றே நினைத்தாள். இருந்தாலும் கடைசிச் சரணம் வரை வாசித்து முடித்துவிட்டுத்தான் படியில் உட்கார்ந்து நடுங்கினாள். பாதியில் நிறுத்தினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே!

அதன்பிறகு மாடம் ஏறவில்லை. தோள்பட்டை வலி என்று சொன்னாள். எல்லோரும் தோள்பட்டையை நலம் விசாரித்தார்கள். அவளுடைய இடத்துக்குத் தானாகவே பாட்டு வாசிக்கும் பெட்டி ஒன்றை பாஸ்டர் லிண்ட்க்விஸ்ட் வாங்கி வைத்தார். புத்தகத்தில் நாலு சரணம் இருந்தால் பெட்டி ஐந்து வாசித்தது. ஐந்தாவதற்கு ஊரே வாயை மூடிக்கொண்டு மரியாதையாக நின்றது.

ஃபார்கோ டாக்டர் மாத்திரை கொடுத்தார். பேசவைத்தார், மூச்சுப் பயிற்சி சொல்லித்தந்தார். கடைசியில், இப்படித் திடீரென வரும் பயத்தைச் சமாளிக்கவென்றே பழக்கிய நாய் ஒன்று கூடவே இருந்தால் நல்லது என்றார்.

"நாயா? டாக்டர், நான் லூத்தரன்."

"அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"சர்ச்சுக்குள்ள நாயோட போனா எல்லாரும் பாப்பாங்களே."

டாக்டர் கத்தோலிக்கர். அவருக்குப் புரியவில்லை.

ஆனால் பெட்டியின் ஐந்தாவது சரணத்தை இன்னொரு வருஷமும் கேட்க அவளால் முடியாது. அதனால் தவக்காலம் தொடங்கியதும், பக்கத்து ஊரில் நாய் பழக்கும் ட்ரூடி கோவால்கியைப் போய்ப் பார்த்தாள். ட்ரூடி கட்டையான, சத்தமான பெண்மணி. நாய்களிடம் மெதுவாகவும் மனிதர்களிடம் உரக்கவும் பேசுவாள்.

"முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கங்க ஆர்லிஸ். இது மடியில போட்டுத் தடவிக்கிட்டு இருக்கிற நாய் இல்ல. வேலைக்கு வர்ற நாய். உங்களுக்கு அது வர்றதுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சுச் சொல்லணும். வந்துட்டா மேல ஏறிப் படுத்து, அந்த எடையிலயே உங்கள அமைதியாக்கணும். சரி, எந்த மாதிரி நாய் வேணும்?"

ஆர்லிஸ் யோசித்தாள். "பகட்டில்லாததா ஒண்ணு."

அவளுடைய தம்பி வெர்லின் வான்கோழி வளர்ப்பவன். வண்டி ஓட்டிக்கொண்டு கூட வந்தவன் ஓரமாய் நின்றிருந்தான். "என்னக்கா யோசனை? என் ஜெர்மன் ஷெப்பர்ட கூட்டிட்டுப் போ. நாய்னா அது நாய். உன் வியாதிய ஒரே உறுமல்ல துரத்திடும்."

வெர்லின் சொன்னால் முடித்துக்காட்டாமல் விடமாட்டான். அந்த வாரமே ஷெப்பர்டை மாடத்துக்கு ஏற்றினான். மாடத்துப் படி மரத்தால் ஆனது, திருகித் திருகி ஏறும், அந்தக் காலத்தில் இங்கே குடியேறிய ஒல்லி நார்வேக்காரர்கள் கட்டியது. பாதி வழியில் நாய் சிக்கிக்கொண்டது. பின்னாலிருந்து தள்ளப் போன வெர்லினும் சிக்கிக்கொண்டான்.

"அக்கா! கொஞ்சம் வெண்ணெய் கொண்டு வா!"

"யாருக்குடா, நாய்க்கா உனக்கா?"

கீழே நின்று சிரித்த ட்ரூடி சொன்னாள்: "சின்ன ஜாதி நாய்தான் சரிப்படும். பெஞ்சுக்கு அடியில படுக்கணும், நீங்க கையில தூக்கிட்டு ஏறணும், ஆர்கன் குழாய்ச் சத்தத்துக்கு மிரளக்கூடாது. எடை கம்மின்னா மேல படுத்து அமுக்குறது கம்மிதான். ஆனா மடியில ஏறினா போதுமே. உங்கள அமுக்கிக் கொல்லவா போறோம்?"

முதலில் வந்தது ‘பக்’ ஜாதிக் குட்டை நாய் ஒன்று. சுருங்கிய முகமும் கவலை தோய்ந்த கண்ணுமாக, சர்ச்சின் பொருளாளர் போலவே இருந்தது. ஆர்லிஸுக்குப் பார்த்தவுடனே பிடித்துப்போயிற்று. "எவ்வளவு அடக்கமா இருக்கு பாருங்க" என்றாள். தவக்காலத்துப் புதன்கிழமை, கீழே சர்ச் பேஸ்மெண்டில் தவக்கால வழக்கப்படி ஊர் கூடி சூப் குடித்துக்கொண்டிருந்தது. மேலே ட்ரூடி துணை நிற்க, ஆர்லிஸ் வெகு நாளைக்குப் பிறகு ஆர்கனை முடுக்கினாள். பெஞ்சுக்கு அடியில் பக் ஒரு வட்டம் சுற்றியது, பெருமூச்சு விட்டது, ஆர்கனில் காலால் அழுத்தி வாசிக்கும் கால்கட்டைகள் மேலேயே படுத்துத் தூங்கிவிட்டது.

ஆர்கனிலேயே மிகப் பெரிய குழாய் ஊளையிடத் தொடங்கியது. கட்டடமே அதிர்ந்தது. தூங்கும் பக்கை அசைப்பது கருங்கல்லை அசைப்பது மாதிரி. ட்ரூடி காலைப் பிடித்து இழுக்க, ஆர்லிஸ் காதைப் பிடித்து இழுக்க, கீழே பராமரிப்புக் குழுவினர் பாய்லர் வெடிக்கப்போகிறது என்று முடிவுகட்டி எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். சூப் கிண்ணங்களை ஏந்திக்கொண்டு ஊரே பனியில் நின்றது. ஒருவரும் முணுமுணுக்கவில்லை. "வெளிய வச்சுக் குடிச்சாலும் சூப் பரவாயில்ல" என்றார் பாஸ்டர்.

அடுத்து ஒரு பொமரேனியன். அதற்குக் கால்கட்டையில் ஆசையில்லை, ஆனால் ஆர்கனில் எக்காளம் போன்ற ஒலி எழுந்தால் தலையைத் தூக்கிக் கூடவே பாடும். அதுவும் சுருதி பிசகாமல். "பாடகர் குழுவுல உச்சக் குரல்ல பாடுற சோப்ரானோ ஒரு ஆள் குறையுது" என்று பாஸ்டர் ஆசையாய்ப் பார்த்தார். ஆர்லிஸ் வேண்டாம் என்றுவிட்டாள். சோப்ரானோக்களோடு அவள் பட்டது போதும்.

வசந்தம் வந்ததும் ட்ரூடி பப்பியோன் என்ற குட்டி ஜாதி நாய் ஒன்றைக் கொண்டுவந்தாள். மூன்று வயது, வெள்ளையும் பழுப்புமாக ஒரு அடி உயரம். காதுகள்தான் கண்ணைப் பறித்தன. பட்டாம்பூச்சி சிறகை விரித்ததுபோல இரண்டு பக்கமும் விரிந்து, முடி தொங்கி, காற்றடித்தால் படபடத்தன.

ஆர்லிஸ் நெடுநேரம் பார்த்தாள். "வித்தியாசமா இருக்கு" என்றாள். அந்த ஊரில் அதைவிடக் கடுமையான வார்த்தை கிடையாது.

"அக்கா, இது நாயே இல்ல, அணில்" என்றான் வெர்லின். "பருந்து தூக்கிட்டுப் போயிடும்."

"வின்னிபெக்குல கண்காட்சிக்குன்னு வளர்த்த நாய்" என்றாள் ட்ரூடி. "போன இடத்துல எல்லாம் தோத்துடுச்சு. நடுவர் பக்கத்துல வந்தா முதுகக் காட்டிட்டு நிக்கும். யாரும் தன்னை உத்துப் பாத்தா பிடிக்காது. கூட்டிட்டு வந்தவ கையை மட்டும் பாத்துக்கிட்டே இருக்கும். அவளும் அலுத்துப்போய் என்கிட்ட தள்ளிவிட்டுட்டா. பேரு எல்மர்."

"அந்தக் காத மட்டும் கொஞ்சம் கத்தரிச்சு விட்டா?"

"முடியக் கத்தரிக்கலாம். காது காதாத்தான் இருக்கும்."

"ஈஸ்டர் தொப்பி போட்ட மாதிரி இருக்கு ட்ரூடி. நான் இதத் தூக்கிட்டு நடுப்பாதையில நடந்தா, இத்தனை வருஷம் இந்தப் பகட்ட ஒளிச்சு வச்சிருந்தாளான்னு…"

பேச்சு அங்கேயே அறுந்தது. நடுப்பாதையில் நடப்பதை நினைத்த மாத்திரத்தில் அவளுடைய கட்டைவிரல் ஆட்காட்டி விரலைத் தேய்க்கத் தொடங்கியிருந்தது. அவளுக்கே அது தெரியாது. எல்மருக்குத் தெரிந்தது. எழுந்து வந்து முன்னங்காலை அவள் முழங்கால்மேல் வைத்து, அந்த விரலையே பார்த்தது. அவள் விரல் நிற்கும்வரை காலை எடுக்கவில்லை.

ட்ரூடியின் குரல் முதன்முறையாகத் தாழ்ந்தது. "இத நான் இன்னும் சொல்லியே குடுக்கல. ஜாதி வாசல் வரைக்கும்தான் கொண்டுவந்து விடும் ஆர்லிஸ். உள்ள வர்றது அந்த ஒத்த நாய்தான்."

ஆர்லிஸ் குனிந்து எல்மரின் காதை மடித்துப் பார்த்தாள். விட்டதும் விரிந்துகொண்டது. "சரி. வெயில்காலத்துல விசிறிக்காவது ஆகும்" என்றாள்.

கோடை முழுக்கப் பயிற்சி நடந்தது. தபால் நிலையத்தில் அவள் காலடியில் எல்மர் படுத்திருக்கும். தபால்தலை வாங்க வருகிறவர்கள் அதன் தலைக்கு மேலே சுவரைப் பார்த்து வானிலை பேசுவார்கள். அவளுக்குத் தோள்பட்டை சரியாகிவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள்.

அக்டோபர் கடைசியில், தங்கள் சபை பிறந்ததைக் கொண்டாடும் சீர்திருத்தத் திருநாள். லூத்தரன்களுக்கு அதைவிடப் பெரிய ஞாயிறு இல்லை. எல்லோரும் சிவப்பு உடுத்தி வந்திருந்தார்கள். எல்மரைக் கையில் தூக்கிக்கொண்டு ஆர்லிஸ் மாடம் ஏறினாள். பெட்டியை பாஸ்டர் அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

குழந்தைகள்கூட மனப்பாடமாய்ச் சொல்லும் பழைய பாட்டு. முதல் சரணம் முழங்கியது. இரண்டாவதில் எல்மரின் கால் அவள் கணுக்காலைத் தட்டியது. அவள் கவனியாததுபோல வாசித்தாள். இந்த வரி முடியட்டும். மறுபடி தட்டியது, இந்தமுறை நகம் பட. இந்தச் சரணமாவது முடியட்டும். எல்மர் பெஞ்சில் தாவி, அவள் மடிக்கும் விசைப்பலகைக்கும் நடுவே புகுந்து, நெஞ்சோடு நெஞ்சாகப் படுத்துக்கொண்டது. இனி வாசிக்க வேண்டுமானால் நாயின் மேல்தான் வாசிக்க வேண்டும்.

விரல்கள் மரத்துக்கொண்டிருந்தன. கிறிஸ்துமஸ் அன்று செய்யாததை ஆர்லிஸ் இப்போது செய்தாள். கைகளைத் தூக்கினாள்.

ஆர்கன் நின்றது. பாட்டு நிற்கவில்லை.

நாலு குரலாய்ப் பிரிந்து, மூச்சுக்குக்கூட நிறுத்தாமல், ஊர் பாடிக்கொண்டே போனது. அவளுக்குப் பயமெல்லாம் தலைகள் திரும்புவதைப் பற்றித்தான். மாடத்துக் கைப்பிடி வழியே எட்டிப் பார்த்தாள். சிவப்புச் சட்டைகள், வழுக்கைகள், பின்னல்கள். ஒரு தலைகூடத் திரும்பவில்லை. திரும்பாமல் இருப்பதற்காக அத்தனை கழுத்துகளும் விறைத்து நின்றதை அவள் அங்கிருந்தே பார்த்தாள்.

எல்மரின் மூச்சோடு சேர்ந்து மூச்சு விட்டாள். சுவர்கள் மெல்ல மெல்ல அதனதன் இடத்துக்குப் போயின. விரலில் சூடு வந்தது. ஆனால் கடைசிச் சரணத்துக்குள் ஊர் அரை சுருதி கீழே இறங்கியிருந்தது. ஆர்கன் இல்லாவிட்டால் அவர்கள் எப்போதும் இறங்குவார்கள், முக்கியமாக வெர்லின். பழைய சுருதியில் நுழைந்தால் அவர்கள் இறங்கியது அம்பலமாகிவிடும். ஆர்லிஸ் காதைக் கொடுத்துக் கேட்டு, அரை சுருதி இறங்கி, அவர்கள் நின்ற இடத்திலேயே போய்ச் சேர்ந்துகொண்டாள்.

பிறகு பேஸ்மெண்டில் காபி. யாரும் எதுவும் கேட்கவில்லை. பொருளாளர் மட்டும் கோப்பையைப் பார்த்துக்கொண்டே, "கடைசிச் சரணம் பரவாயில்ல" என்றார். அந்த ஊரில் அதைவிடப் பெரிய பாராட்டும் கிடையாது.

வெர்லின் ஹாட்டிஷ் என்ற அடுப்புக் கலவைச் சாப்பாட்டுத் தட்டோடு வந்தான். "அணிலும் பரவாயில்லக்கா."

"நீ பாடின பாட்டுல சுருதி பேஸ்மெண்டுக்கே வந்துடுச்சுடா. காபி போடறவங்க கால்ல இடறியிருக்கும்."

அதற்கப்புறமும் பல ஞாயிறுகளில் எல்மர் தட்டியது. அவள் கையைத் தூக்கினாள், ஊர் பாடியது, அவள் திரும்பி வந்து சேர்ந்துகொண்டாள். அதுவே வழக்கமாகிவிட்டது. அந்த ஊர்ப் பாட்டில் ஆர்கன் அவ்வப்போது ஓய்வெடுக்கும் என்றே புதிதாய் வந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

ஆர்லிஸ் இந்த மார்ச்சில் தூக்கத்திலேயே போய்விட்டாள். அடக்கத்துக்கு ஆர்கன் வாசிக்கப் பக்கத்து ஊரிலிருந்து ஆள் தருவதாகச் சொன்னார்கள். பெட்டியை எடுக்கட்டுமா என்று பாஸ்டரும் தயங்கித் தயங்கிக் கேட்டார். வெர்லின் இரண்டும் வேண்டாம் என்றான். முன்வரிசையில் அவன் நின்றான். அவனுடைய கனத்த கோட்டுக்குள்ளிருந்து இரண்டு பட்டாம்பூச்சிக் காதுகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பாட்டின் நடுவே எல்மர் அவன் நெஞ்சில் காலை வைத்துத் தட்டியது. அவன் பாடுவதை நிறுத்திக்கொண்டான். மற்றவர்கள் பாடினார்கள். மூன்றாம் சரணத்திலேயே சுருதி அரை இறங்கிவிட்டது. அந்த இடத்தில் வந்து சேர்ந்துகொள்ள மேலே ஆள் இல்லை.

மாடத்தை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்மர் மட்டும் பார்த்தது. அது லூத்தரன் இல்லை.