அட்வான்ஸுக்கு வட்டி உண்டா, டீச்சர்?

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, ஓய்வுபெற்ற ஆசிரியர்களாகிய நம் வாட்ஸப் குழுவில் "சுந்தரவல்லி டீச்சர் இன்று அதிகாலை மாரடைப்பால் காலமானார்" என்று செய்தி வந்தது. அதற்கு மேலே யாரோ அனுப்பிய காலை வணக்கப் பூங்கொத்து. கீழே யாரோ கை தவறிப் போட்ட கட்டைவிரல். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சுந்தரவல்லி என்ற பெயரில் நமக்கு இரண்டு பேர் உண்டு. அது மற்றவராக இருக்கக்கூடாதா என்று ஒரு நிமிடம் நினைத்துவிட்டேன். அந்த மற்றவர் என்னை மன்னிக்க வேண்டும். "செல்லூர், தம்பி இல்லத்தில்" என்று அடுத்த வரி வந்தது. கையிலிருந்த காபி டம்ளரை எங்கே வைப்பதென்று தெரியாமல் வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தேன்.

டீச்சரை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். நம் பள்ளியில் முப்பது வருடங்களுக்கு மேல் புவியியல் நடத்தியவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. செல்லூரில் தம்பி குடும்பத்தோடு இருந்தார். கீழ்த்தளத்தில் விசைத்தறி ஓடும், மாடியில் டீச்சர் விடைத்தாள் திருத்துவார். அந்தச் சத்தத்திலேயே வளர்ந்ததாலோ என்னவோ, அவர் குரல் மூன்று வகுப்பு தாண்டிக் கேட்கும். பக்கத்து வகுப்பில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தவள் நான். என் பிள்ளைகளில் பாதிப்பேர் இயற்கணிதத்துக்குப் பதிலாக இமயமலையைப் படித்துவிட்டுப் போனார்கள்.

உலகப் படத்தைப் பார்க்காமலே கரும்பலகையில் வரைவார். ஆனால் ராமேஸ்வரத்தைத் தாண்டிக் கடலைப் பார்த்ததில்லை. இருவரும் ஓய்வுபெற்ற பிறகு, ஆறு நாள் மலேசியா சுற்றுலா என்று ஒரு விளம்பரத்தைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார். "டீச்சர், இத்தன வருசமா மலாக்கா நீரிணைய வரஞ்சு வரஞ்சு கை ஓஞ்சுபோச்சு. ஒருதடவ நேர்ல பாத்துட்டு வந்துருவோமா? நீங்க வந்தா நான் வாரேன்." நான் மறுக்கவில்லை. எனக்கும் விமானம் ஏற ஆசைதான்.

என் மகன் எனக்கு ஒரு கிரெடிட் கார்டு எடுத்துக் கொடுத்திருந்தான். டீச்சரிடம் பென்ஷன் கணக்கின் ஏடிஎம் கார்டும், மதுரையிலேயே மாற்றிக்கொண்ட கொஞ்சம் ரிங்கிட்டும் இருந்தன. குவாலாலம்பூரில் நான் கடை கடையாக ஏறி இறங்கினேன். பெட்டி, போர்வை, சென்ட், பேரனுக்கு ரயில். ஒவ்வொரு கடையிலும் கார்டு மெஷின், ரிங்கிட்டில் கட்டுகிறாயா, ரூபாயில் கட்டுகிறாயா என்று கேட்டது. நான் ரூபாயை அமுக்கினேன். நம் காசு என்றால் எவ்வளவு என்று நமக்குத் தெரியுமே!

டீச்சர் பக்கத்தில் நின்று முணுமுணுத்தார். "ஏன் டீச்சர் ரூவாய அமுக்குறீங்க? ஊருக்கு ஒரு நேரம் இருக்குல்ல, அதே மாதிரித்தான் காசும். வந்த எடத்துல அந்த ஊரு காசுலயே குடுங்க." புவியியல் டீச்சருக்குக் காசைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் ஓய்வு நாள். டீச்சர் மலாக்காவுக்கு ஒரு வண்டி பேசியிருந்தார். வண்டிக்காரருக்கு ரொக்கம் வேண்டும். கையிலிருந்த ரிங்கிட் தீர்ந்துவிட்டது. விடுதிக்குக் கீழே இருந்த ஏடிஎம்மில் டீச்சரின் கார்டைப் போட்டால், பணம் தராமல் கார்டைத் திரும்பத் திரும்ப வெளியே துப்பியது. வெளிநாட்டில் பயன்படுத்துவதென்றால் புறப்படும் முன்பே வங்கியில் சொல்லித் திறந்து வைக்க வேண்டுமாம். அது எங்கள் இருவருக்கும் தெரியாது. பிறகு என் கிரெடிட் கார்டைப் போட்டோம். திரையில் 'கேஷ் அட்வான்ஸ்' என்று வந்தது.

"அட்வான்ஸ்னு கேக்குது டீச்சர்" என்று தயங்கினேன்.

"அமுக்குங்க. அட்வான்ஸுக்கு எங்கயாச்சும் வட்டி உண்டா, டீச்சர்? எங்க தறியில ஆளுகளுக்கு அட்வான்ஸ் குடுக்குறோம். வேலைய விட்டு நிக்கிறப்ப குடுத்தத மட்டும்தான வாங்குறோம்? வீட்டு அட்வான்ஸும் அப்பிடித்தான?"

எனக்கு அது நியாயமாகவே பட்டது. ஒத்தக்கடையில் வாடகைக்கு இருந்த வீட்டுக்குக் கொடுத்த அட்வான்ஸ், பதினொரு வருடம் கழித்து அப்படியே திரும்பி வந்தது. ஒரு ரூபாய் கூடவுமில்லை, குறையவுமில்லை. அமுக்கினேன். நோட்டுகள் வந்தன.

மலாக்காவில் கடற்கரைச் சுவரைப் பிடித்துக்கொண்டு டீச்சர் வெகுநேரம் நின்றார். "படத்துல சுண்டுவிரல் அகலந்தான் வரைவேன். இங்க அக்கரையே தெரியல. இம்புட்டுப் பெருசா இது? நான் பிள்ளைகளுக்குத் தப்பாச் சொல்லிட்டனோ?" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே குழம்பிப்போயிருந்தார். அந்த முகத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. வேலை பார்த்த காலம் முழுக்க அவர் பக்கத்தில் இருந்தும், அன்றைக்குத்தான் நாங்கள் சிநேகிதிகளானோம்.

ஊர் திரும்பிய மறுநாளே, இரண்டு பஸ் மாறி ஒத்தக்கடையில் என் வீட்டுக்கு வந்து, எடுத்த பணத்தை ரூபாயாகக் கொடுத்துவிட்டுப் போனார்.

மூன்றாவது மாதம்தான் வந்திருந்த பில்களையெல்லாம் ஒழுங்காக எடுத்துப் பார்த்தேன். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. கேஷ் அட்வான்ஸ் கட்டணம், வட்டி, அந்நியச் செலாவணிக்கு ஒரு தொகை, அதற்கு மேல் வரி. எது எதற்கு என்று புரியவில்லை. புரிந்தது ஒரே சொல்தான்: வட்டி. உடனே டீச்சருக்குப் போன் போட்டேன். அட்வான்ஸுக்கு வட்டி கிடையாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"வட்டின்னு சொல்லாதீங்க டீச்சர்" என்றார். "உங்களுக்கு நட்டம்னு சொல்லுங்க, எம்புட்டுன்னாலும் தாரேன். வட்டின்னா ஒத்த ரூவா குடுக்க மாட்டேன். எங்கப்பா காலத்துல இருந்து எங்க வீட்டுல வட்டி வாங்குனதும் இல்ல, வட்டிக்குக் கடன் கேட்டு நின்னதும் இல்ல."

நட்டம் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஒரே ஒரு சொல். என் வாய் சும்மா இருக்கவில்லை. "அப்ப அந்த பேங்குக்காரன்ட்ட போயி உங்கப்பாவப் பத்திச் சொல்லுங்க" என்றேன். டீச்சர் போனை வைத்துவிட்டார்.

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். நம் தையல் டீச்சர் மகள் கல்யாணப் பந்தியில், "மலேசியா சுத்த ஆசை இருக்கு, வட்டி குடுக்க மனசு இல்ல" என்று சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள். முதலில் சிரித்தவள் நான். அந்தப் பேச்சு அன்று மாலைக்குள் செல்லூருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

நான்காவது மாதம் பில் இன்னும் ஏறியது. சண்டை போடுவதற்கென்றே வங்கிக்குப் போனேன். அங்கிருந்த ஒரு பெண் அதிகாரி பென்சிலை எடுத்து வரிவரியாகக் கோடு போட்டுக் காட்டினார். கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுத்தால் எடுத்த நாளிலிருந்தே வட்டிதான். அந்த ஒரு விஷயத்தில் டீச்சர் சொன்னது தப்பு. ஆனால் அவர் கொடுத்த பணத்தை அன்றைக்கே கார்டுக்குக் கட்டியிருந்தால், கட்டணமும் சில நாள் வட்டியுமாகச் சொற்பத்தோடு போயிருக்கும். நான் அந்தப் பணத்தை பீரோவில் வைத்தேன். அது பாலுக்கும் கேஸுக்குமாகக் கரைந்தது. பில்லில் 'குறைந்தபட்சத் தொகை' என்று போட்டிருந்ததை அந்த மாதத் தவணை என்று நினைத்து, அதை மட்டும் கட்டி வந்திருக்கிறேன். மிச்சத்தைக் கட்டாமல் விட்டதால், பெட்டிக்கும் போர்வைக்கும் ரயிலுக்கும் சேர்த்து வட்டி ஓடியிருக்கிறது. ரூபாயை அமுக்கினேனே, மெஷின் கூட்டி வைத்த மாற்று விலையால் ஒவ்வொரு கடையிலும் விலைக்கு மேல் கொடுத்ததும் தனி. அந்த ஊர்க் காசில் கொடுங்கள் என்று டீச்சர் சொன்னதுதான் சரி.

மூன்று தடவை திருப்பித் திருப்பிக் கேட்டேன். அந்தப் பெண் பொறுமையாகச் சொல்லிவிட்டு, "நீங்க என்ன வேல பாத்தீங்க மேடம்?" என்றார். "தமிழ் டீச்சர்" என்று பொய் சொன்னேன். இங்கே இருக்கும் தமிழாசிரியர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அன்றே டீச்சரிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். எதை முதலில் சொல்வது, எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. இரண்டு முறை போன் போட்டு, மணி அடிக்கும் முன்பே வைத்துவிட்டேன். ஒருநாள் பெரியார் பேருந்து நிலையத்தில் நேருக்கு நேர் பார்த்துவிட்டோம். டீச்சர்தான் முதலில் பேசினார். "சாப்ட்டீங்களா டீச்சர்?" என்றார். "ஆச்சு" என்றேன். பஸ் வந்தது, ஏறிவிட்டேன். அந்தப் பஸ் ஒத்தக்கடைக்குப் போகாது என்பது பாதி வழியில்தான் தெரிந்தது. கோழைத்தனம் என்றால் இதுதான். வேறு பெயர் வைத்து நான் பூசி மெழுகப்போவதில்லை.

செவ்வாய்க்கிழமை செல்லூருக்குப் போனேன். அந்தத் தெருவில் அன்று தறி ஓடவில்லை. டீச்சரைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்தால் அவர் தம்பி என்ன சொல்வாரோ என்று வாசலிலேயே தயங்கினேன். அவரே எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். சொந்தக்காரர்களிடம், "அக்காவோட மலேசியா போனாங்கள்ல, அந்த டீச்சர்" என்றார். நாத்தனாரின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி அழுதுகொண்டே சொன்னார்: "அக்கா எங்க யாரையும் உங்களத் தப்பாப் பேச விடல டீச்சர். 'டீச்சரு கணக்குல புலி. எங்கயோ குழம்பியிருக்காங்க, அவங்களே கண்டுபிடிச்சு வந்து சொல்லுவாங்க'ன்னே சொல்லிட்டு இருந்துச்சு."

நான் கண்டுபிடித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அதை அந்த வீட்டில் சொல்லாமலே திரும்பி வந்துவிட்டேன்.

டீச்சரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித்தாருங்கள், இரங்கல் கூட்டத்தில் வாசிக்கிறோம் என்று கேட்டீர்கள். எழுத எனக்கு இருப்பது இதுதான். அந்த வட்டி சுந்தரவல்லி டீச்சருடையது அல்ல, என்னுடையது. டீச்சர் யாருக்கும் ஒரு பைசா வட்டி பாக்கி வைக்கவில்லை. பந்தியில் என்னோடு சிரித்தவர்கள், அதை வீட்டில் போய்ச் சொன்னவர்கள், தயவுசெய்து சொன்ன இடத்திலெல்லாம் இதையும் சொல்லிவிடுங்கள்.

டீச்சர், கண்டுபிடித்துவிட்டேன். தப்பு என்னுடையதுதான். நீங்கள் நல்லபடியாகப் போங்கள்.