விஜயதசமியன்று எக்ஸ்பி

என் மகள் ஏழரை மணிக்குத் தூங்கிவிடுவாள். காலையில் அவள் விழிக்கும் முன்பே கிளம்பிவிடும் நான் வீடு சேர எட்டாகிவிடும். பதினோரு மாதக் குழந்தையை வாரத்தில் ஆறு நாள் மூடிய கண்களோடு மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேலை பழங்காநத்தத்தில் ஒரு டிசைனிங் கடையில். கல்யாணப் பத்திரிகை, ஜவுளிக்கடைப் பை, ஊறுகாய் லேபிள் என்று அச்சகங்களுக்கு வேண்டியதையெல்லாம் கம்ப்யூட்டரில் வடிவமைத்துக் கொடுப்போம். மூன்று கம்ப்யூட்டர்கள், மூன்றிலும் விண்டோஸ் 98. பட்டுச்சேலைப் படம் ஒன்றைப் பெரிதாகத் திறந்து நிறத்தைச் சரிசெய்ய உட்கார்ந்தால் திரை அப்படியே நின்றுவிடும். அணைத்து, மறுபடி போட்டு, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை இப்படி. போன நேரத்தைச் சாயங்காலம் உட்கார்ந்துதான் ஈடுகட்டுவேன். ஏழு மணிக்குக் கிளம்பி, பெரியார் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி, ஒத்தக்கடையில் இறங்கி நடந்தால், வாசலில் அத்தை உதட்டில் விரலை வைத்துக்கொண்டு நிற்பார். சத்தம் போடாதே, இப்போதுதான் தூங்கினாள் என்று அர்த்தம்.

புதிய விண்டோஸ் எக்ஸ்பிக்கு மாற்றினால் இந்தத் தொல்லை பெருமளவு போய்விடும் என்று படித்திருந்தேன். எக்ஸ்பி போட்டிருந்த, தெரிந்தவர் ஒருவரின் கம்ப்யூட்டரில் எங்கள் பெரிய படங்களைத் திறந்தும் பார்த்துவிட்டேன், ஒரு தடவைகூட நிற்கவில்லை. முதலாளியிடம் சொன்னேன். அவர் சௌராஷ்டிரக்காரர். போனில் வீட்டோடு அவர்கள் பாஷை, எங்களோடு மதுரைத் தமிழ்.

"ஓடிக்கிட்டுத்தானம்மா இருக்கு?"

"ஓடலண்ணே, நொண்டுது."

பக்கத்து நாற்காலியில் இருந்த இன்னொரு டிசைனர் சிரித்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். "மாத்துனப்பறம் பழைய வேலையெல்லாம் திறக்கலேன்னு வை, தங்கச்சி, நீயும் நானும் வாசல்ல உக்காந்து கோலந்தான் டிசைன் பண்ணணும்."

நான் விடவில்லை. மாற்றுவது என் பொறுப்பு, மாற்றிய பிறகு அன்றைய வேலை முடிந்தால் ஐந்தரைக்கே கிளம்புவேன் என்றேன். "முடிச்சிட்டுக் கிளம்பு. முடியலேன்னா பழையபடி ஏழுதான்" என்றார் முதலாளி. அந்தப் பேச்சு எனக்குப் போதுமாக இருந்தது.

பழைய வேலைகளையெல்லாம் சிடிகளில் எழுதினேன். எழுதியதை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தன. ஆனாலும் வீட்டுக்குப் போனதும் சந்தேகம் வந்து, மறுநாள் இன்னொரு செட் எழுதினேன். ஸ்கேனருக்கு என்ன வேண்டும், எந்தெந்த எழுத்துருக்களைத் திரும்பப் போட வேண்டும் என்று ஒரு பள்ளிக்கூட நோட்டில் பட்டியல் போட்டேன். அந்த நோட்டைத் தொலைத்துவிட்டால் என்ன செய்வது என்று அதற்கும் ஒரு ஜெராக்ஸ்.

நாள்தான் கிடைக்கவில்லை. ஐப்பசி முகூர்த்தங்களுக்கான பத்திரிகைகள் குவிந்து, ஞாயிற்றுக்கிழமையும் கடை திறந்திருந்தது. மூன்று கம்ப்யூட்டரும் சும்மா இருப்பது ஆயுத பூஜையன்று மட்டும்தான்.

"அன்னைக்கு வந்து போட்டுர்றேண்ணே. நாங்க கிறிஸ்டியன்தானே, எங்களுக்கு அந்த விதியெல்லாம் இல்லையே?"

"உனக்கு இல்லம்மா. மிஷினுக்கு இருக்குல்ல? வருசத்துல ஒரு நாள் அது ஓய்வா இருக்கு, அதுக்கும் வேட்டு வைக்கிறியா?" பிறகு, என் முகத்தைப் பார்த்தோ என்னவோ, குரலை இறக்கினார். "அடுத்த நாள் விஜயதசமி. புதுசு எதுன்னாலும் அன்னைக்கு ஆரம்பிச்சா நல்லா வரும். காலைல வா. அந்தத் தட்டையும் குடு, பூஜையில வச்சிருவோம்."

எக்ஸ்பி சிடியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

விஜயதசமி காலையில் கடைக்குள் பொரிகடலை வாசனை இன்னும் இருந்தது. மூன்று கம்ப்யூட்டருக்கும் நெற்றியில் சந்தனம், குங்குமம், மேலே சாமந்திச் சரம். என் கம்ப்யூட்டரிலிருந்தே தொடங்கினேன். பழைய சிஸ்டத்தை அழித்தேன். நீலத் திரையில் மஞ்சள் பட்டை மெல்ல நகர, கோப்புகள் ஒவ்வொன்றாக ஏறின. பாதியில் பட்டை நின்றது. ஒரு கோப்பைப் படிக்க முடியவில்லை, மறுபடி முயற்சிக்க என்டர் தட்டு என்றது திரை. தட்டினேன். அதே செய்தி. இன்னொரு தடவை. அதேதான்.

பழையது போய்விட்டது. புதியது வரவில்லை. ஐந்தரை மணி இருக்கட்டும், இனி என்னை இந்த வேலையிலேயே வைத்திருப்பார்களா என்று பயம் வந்தது.

"கோலமாவு வாங்கிட்டு வரவா, தங்கச்சி?" என்றார் பக்கத்து நாற்காலி அண்ணன். குரலில் கேலி பாதிதான் இருந்தது.

சிடியை வெளியே எடுத்தேன். மேல்பக்கம் சுத்தமாக இருந்தது. காலையில் பதற்றத்தில் அதை மட்டும் பார்த்துத்தான் உள்ளே போட்டிருந்தேன். இப்போது திருப்பினேன். பளபளக்கும் அடிப்பக்கத்தில் வரிசையாக மூன்று சந்தனப் பொட்டுகள், ஒவ்வொன்றின் நடுவிலும் குங்குமம்.

"அண்ணே, இது யாரு வச்சது?"

"நாந்தான்" என்றார் முதலாளி, பெருமையாக. "எழுத்து இருக்குற பக்கம் சரஸ்வதி இல்லையாம்மா? அதுமேல சந்தனத்த அப்பலாமா? அதான் வெறும் பக்கமாப் பாத்து வச்சேன்."

"எழுத்து அம்புட்டும் இந்த வெறும் பக்கத்துலதாண்ணே இருக்கு."

அவர் சிடியை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். எதுவும் தெரியவில்லை. ஆனாலும் அதைக் கவனமாக என் கையில் கொடுத்துவிட்டு, அதற்கு நேராகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

எனக்குப் பயம் அங்கேயே விட்டது. என்ன கோளாறு என்று தெரிந்த பிறகு நான் பதறுகிறவள் இல்லை. குழாயடியில் சோப்பு நுரை போட்டு, விரல் நுனியால் பொட்டுகளை ஊற வைத்துக் கரைத்தேன். என் பையில் எப்போதும் கிடக்கும் மகளின் பழைய பருத்தித் துணியால், நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோடாகத் துடைத்தேன். வட்டமாகத் துடைத்தால் கீறல் விழும். உள்ளே போட்டு என்டர் தட்டினேன். பட்டை நகர்ந்தது.

மத்தியானத்துக்குள் என் கம்ப்யூட்டர் தயார். நோட்டைப் பார்த்து எழுத்துருக்களைப் போட்டேன். எப்போதும் நின்றுபோகும் அந்தப் பட்டுச்சேலைப் படத்தைத் திறந்து, அரக்கு நிறத்தைக் கூட்டினேன், குறைத்தேன், மறுபடி கூட்டினேன். திரை நிற்கவில்லை. என் தலைக்கு மேல் இரண்டு பேர் மூச்சுவிடும் சத்தம் கேட்டது.

"சரி, அடுத்தது என் மிஷின்" என்றார் அந்த அண்ணன்.

மூன்றையும் முடிக்க இரண்டு நாளாயிற்று. அந்த இரண்டு நாளும் எட்டு மணிக்குத்தான் வீடு. மூன்றாம் நாள் சாயங்காலம் ஐந்தரைக்கு நாற்காலியை விட்டு எழுந்தேன்.

"முடிஞ்சிருச்சாம்மா?"

"முடிஞ்சிருச்சுண்ணே. மூணு பத்திரிகையும் உங்க மேசையில இருக்கு."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார், பத்திரிகைகளைப் பார்த்தார். "அப்பறம் ஏன் நிக்கிற? கிளம்பு."

பஸ்ஸில் மாட்டுத்தாவணி தாண்டும்போது, கடைசி வேலையைச் சேமித்தோமா என்று சந்தேகம் வந்தது. சேமித்தேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். இறங்கிவிடவில்லை.

ஆறரைக்கு வாசலில் அத்தையின் விரல் உதட்டில் இல்லை. இடுப்பில் குழந்தை இருந்தது, கண்ணை முழுசாகத் திறந்தபடி. என்னைப் பார்த்ததும் அத்தையின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "இந்த நேரத்துல உன்னப் பாத்ததில்லையே, யாரோன்னு நெனைக்கிறா" என்று சிரித்தார் அத்தை.

கீழே உட்கார்ந்து பையைத் திறந்து வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் தவழ்ந்து வந்து, பைக்குள் கையை விட்டு, சந்தனக் கறை போகாத அந்தத் துணியை இழுத்து வாயில் வைத்தாள். சோப்பு சரியாகப் போயிருக்குமா என்று பயந்து வெடுக்கென்று பிடுங்கினேன். வீறிட்டு அழுதாள்.

தூக்கிக்கொண்டேன். தூங்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.