காத்திருப்புக் காலமும் கலஹா பேருந்தும்

சில ஆண்டுகளுக்கு முன்பு, மழை சற்றே விட்டிருந்த ஓர் ஆடி மாதக் காலையில், கலஹாவிலிருந்து பேராதனை வழியாகக் கண்டிக்குச் செல்லும் பேருந்தில் நிகழ்ந்த சம்பவம் இது. 

என் மனைவிக்கு மேல்வரிசை முன்பற்கள் விழுந்து பல காலமாயிற்று. எங்கள் மகளின் திருமணப் புகைப்படங்கள் அனைத்திலும் அவள் புறங்கையால் வாயை மறைத்தபடியே நிற்கின்றாள். ஆகவே, கண்டியில் பணிபுரியும் மகள் தன் அலுவலகத்தின் வாயிலாக எங்கள் இருவருக்கும் பற்சிகிச்சைக் காப்புறுதி எடுத்துத் தந்தபோது, என் மனைவி கொண்ட மகிழ்ச்சிக்கு அளவில்லை. ஆனால் அதில் ஒரு நிபந்தனை இருந்தது. பல் பிடுங்கும் செலவைக் காப்புறுதி நிறுவனம் ஏற்பதற்குச் சில மாதங்களும், செயற்கைப் பற்கள் கட்டும் செலவை ஏற்பதற்கு ஓராண்டும் கழிய வேண்டும். அதனைக் காத்திருப்புக் காலம் என்றனர். என் மனைவி அதனை எவ்வாறு விளங்கிக்கொண்டாள் என்பது அந்தப் பேருந்தில்தான் எனக்குத் தெரியவந்தது.

அந்த வாரம் அவளுடைய தாடை வீங்கியிருந்தது. கேட்டதற்குக் கூகைக்கட்டு, அதாவது பொன்னுக்குவீங்கி, என்றாள். நானும் நம்பி, வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துக் கொடுத்தேன். காய்ச்சலும் கண்டமையால், மகள் வீட்டில் சில நாள் ஓய்வெடுக்கட்டும் என்று அழைத்துப் புறப்பட்டேன்.

எங்களுக்குப் பக்கத்து இருக்கையில் அலவத்துகொடையைச் சேர்ந்த முஸ்லிம் பெண்மணி ஒருவர் அமர்ந்திருந்தார். அவர் என் மனைவியையே உற்றுப் பார்த்தார்.

"என்ன அக்கா, கழுத்து வரைக்கும் வீங்கி ஈக்கி? எச்சில் முழுங்க ஏலுமா?"

மனைவி இல்லையெனத் தலையசைத்தாள். வாயைத் திறக்கச் சொன்னார். ஒரு விரல் நுழையும் அளவுக்குக்கூடத் திறக்கவில்லை.

"அல்லாஹ்வே! இது கூகைக்கட்டில்ல. என்ட தம்பிக்கும் கடவாய்ப் பல்லால இப்பிடித்தான் வந்த. மூச்சு அடைக்கிற நேரம்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போன. பல்லு வலிச்சதா, இல்லயா?"

நான் திகைத்து மனைவியைப் பார்த்தேன். அவள் கண்கள் கலங்கின. திறவாத வாய்க்குள்ளிருந்து சொற்கள் வந்தன.

"வலிச்சிச்சுதாங்க. நடுவுல டாக்டர்கிட்ட போனா வெரதம் முறிஞ்ச மாதிரி, மறுபடி மொதல்ல இருந்துல்ல காத்திருக்கணும்? அதான் கெராம்ப வச்சிக்கிட்டுப் பொறுத்துக்கிட்டேன்."

பின்னிருக்கையில் இருந்த தோட்டத்துப் பெண் ஒருத்தி, "அடி ஆத்தி! இன்சூரன்சுக்கு வெரதம் இருந்த மொத ஆளு நீதாக்கா!" என்றாள். எழுந்த சிரிப்பு உடனே அடங்கிற்று. மனைவி மூச்சுக்குத் திணறத் தொடங்கியிருந்தாள்.

அந்தப் பெண்மணி எழுந்து நின்று, நேரே மருத்துவமனைக்கு விடும்படி நடத்துநரிடம் சிங்களத்தில் உரக்கச் சொன்னார். நடத்துநர் ஓட்டுநரிடம் பாய்ந்தார். பேருந்து சீறிக்கொண்டு வேகமெடுத்தது! இறங்குவதற்காக மணியடிக்கப் போன ஒருவர் கையை இழுத்துக்கொண்டார்.

"எனக்கு நிப்பாட்ட வேணாம், போங்க போங்க! நான் நடந்து திரும்பி வந்துக்கிறேன்."

"எனக்கும் வேணாம்!" என்றது மற்றொரு குரல்.

"மெதுவாப் போடான்னா பறப்பான். இன்னைக்குப் பறக்கட்டும் விடுங்க!" என்றாள் அதே தோட்டத்துப் பெண்.

தரிப்பிடங்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் ஓடின. கைகாட்டி நின்றவர்களை நோக்கி நடத்துநர் மிதிபலகையில் தொங்கியபடி, "ஆஸ்பத்திரி! ஆஸ்பத்திரி!" என்று கூவினார். இறங்க வேண்டியவர் எவரும் இறங்கவில்லை. அந்தப் பெண்மணி என் மனைவியின் முதுகைத் தாங்கியபடி ஓதிக்கொண்டே வந்தார். நான் எங்கள் அம்மனை அழைத்தேன். பேராதனையில் பற்சிகிச்சை மருத்துவமனையின் வாயிலிலேயே பேருந்து நின்றது.

இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் மூச்சுப்பாதை அடைபட்டிருக்கும் என்றார் வைத்தியர். சீழை அகற்றிப் பல்லைப் பிடுங்கினார்கள். அரசாங்க மருத்துவமனை என்பதால், அங்கே எங்களிடம் காப்புறுதி பற்றிக் கேட்பார் எவருமில்லை!

பேச முடிந்தவுடன் மனைவி மகளிடம் கேட்ட முதற்கேள்வி, "எல்லாம் போச்சா? மறுபடி மொதல்ல இருந்தா?" என்பதே. மகள் காப்புறுதி நிறுவனத்தை அழைத்து, தொலைபேசியைத் தாயின் காதில் வைத்தாள். மறுமுனையில் அலுவலர் சிரித்தது எனக்கும் கேட்டது.

"அம்மா, அந்தக் காத்திருப்புக் காலத்துல வாற செலவ நாங்க குடுக்க மாட்டோம், அவ்வளவுதான். வைத்தியம் பாக்கக் கூடாதுன்னு யாரு சொன்னது? உங்க நாள் ஓடிக்கிட்டேதான் இருக்கு."

மனைவியின் வீங்கிய முகம் மலர்ந்ததை அன்று கண்டேன்.

ஓராண்டு நிறைந்தது, பற்களும் வந்தன. அவள் செய்த முதற்காரியம், அதே பேருந்தில் ஏறி அந்த நடத்துநரைப் பார்த்துச் சிரித்ததுதான். அவர் சற்று விழித்தார். பின்னர் அடையாளங்கண்டு, "அம்மே, இன்னைக்கு எல்லா ஹோல்ட்லயும் நிப்பாட்டலாமா?" என்றார். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். கை வாயை மறைக்க எழவில்லை.

காத்திருப்புக் காலம் பணம் கொடுப்பவர் தமக்காக வகுத்துக்கொண்டது, வலி அதற்குக் கட்டுப்படாது என்று இன்று காண்போரிடமெல்லாம் சொல்லி வருகின்றேன். சொல்லும்போதெல்லாம், தாம் இறங்க வேண்டிய இடம் கடந்தும் இருக்கையைவிட்டு எழாமல் எங்களோடு வந்த அந்த முகங்கள் கண்முன் தோன்றி என்னைக் கைகூப்ப வைக்கின்றன.