மண்வெட்டி படாத கத்தரிப் பாத்தி

தருமபுரத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் நான் நட்டது எதுவும் அருகம்புல்லைப் போல் வளர்ந்ததில்லை. கொத்திப் போட்டால், அடுத்த மழைக்கு வெட்டுப்பட்ட துண்டெல்லாம் தனித்தனியாகக் குடும்பம் நடத்தும். ஒரு கோடையில் மூலையில் கிடந்த தென்னை மட்டைக் குவியலை நகர்த்தினேன். அடியில் புல் வெளுத்துச் செத்திருந்தது. மண்ணோ கையால் அள்ளலாம் போல் பொலபொலவென்று இருந்தது. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானே கண்டது. இனி இந்தக் கொல்லையில் மண்வெட்டி கிடையாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

எதிர்வீட்டில், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா இருக்கிறார். அவர் வீட்டில் புதுச் சாமான் இறங்காத மாதமில்லை. பெட்டிகளைக் கேட்டு வாங்கிப் பிரித்து, புல்லின்மேல் அட்டையாக விரித்தேன். அதன்மேல் வைக்கோலைப் பரப்பினேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் என் நாத்தனார் வீடு. ஓயாமல் கொல்லையைக் கொத்துகிறவள். எட்டிப் பார்த்தாள்.

“என்ன அண்ணி, கொல்லையில மளிகைக் கடை வச்சிருக்கீங்களா?”

“புல்லுக்குப் போத்தி விட்டிருக்கேன். தூங்கட்டும்.”

“நல்லாத் தூங்கி எந்திரிச்சு ஒங்களப் போத்தப் போவுது, பாருங்க!”

எனக்குச் சுருக்கென்றது.

“வர்ற பொங்கலுக்கு ஒன் வீட்டுக் கொழம்புக்கு இந்தப் பாத்திக் கத்தரிக்காதான். இல்லன்னா நானே வந்து ஒன்கிட்ட மம்மட்டி கேக்குறேன்டி.”

சொல்லிவிட்டேன். அவளிடம் போய் மண்வெட்டி கேட்பதா? அதற்கு நான் கடைக் கத்தரிக்காயையே சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

ஆவணியில் அட்டையில் ஓட்டை போட்டுக் கத்தரி நாற்று நட்டேன். பாத்தி நடுவில் புல்லே இல்லை. ஆனால் அவள் கொத்திக் கொத்திப் பெருக்கிய புல், வேலிக்கம்பிக்கு அடியில் நுழைந்து என் அட்டைமேல் ஏறிவிட்டது. இழுத்து இழுத்து இடுப்பு விட்டுப்போனது. ஒரு வாரம் விட்டால் முழம் நீளம் வந்துவிடும். விட்டால் கத்தரியைத் தொட்டுவிடும்.

அப்போதுதான் ஒருநாள் காலையில் கூடையோடு வந்து நின்றாள்.

“இன்னக்கி சங்கடஹர சதுர்த்தி அண்ணி. பிள்ளையாருக்கு அருகம்புல்லு மாலை கட்டணும். எங்க பக்கம் கொத்திக் கொத்திக் கட்டையாக் கெடக்கு. ஒங்க அட்டைமேலதான் நீட்டு நீட்டாப் படுத்திருக்கு. எடுத்துக்கவா?”

நான் உடனே தலையாட்டவில்லை. கொஞ்சம் யோசிப்பதுபோல் நின்றேன்.

“சாமிக்குன்னு கேக்குற. எடுத்துக்க. மாசாமாசம் வந்து எடுத்துக்க. ஆனா வேரோட இழுக்கணும். வேலி நெடுக ஒண்ணு விடக்கூடாது. சாமி காரியத்துல கொறை வைக்கக் கூடாது பாரு.”

“ஒங்களுக்குப் பெரிய மனசு அண்ணி.”

“அது எப்பவும் உள்ளதுதானே!”

பொங்கலன்று முறம் நிறையக் கத்தரிக்காயை வேலிமேல் நீட்டினேன். மதியம் அவள் வீட்டுக் குழம்பு என் வீட்டுக்கே வந்தது. ருசி அபாரம். உப்புதான் ஒரு கல் குறைவு, அது அவள் கைப்பழக்கம்.

“எல்லாம் பிள்ளையார் கிருபை அண்ணி” என்றாள்.

“பின்ன? என் கொல்லப் புல்லத்தானே போட்டுக்கிறாரு!”

மண்வெட்டி இன்றுவரை அவள் வீட்டிலேயே இருக்கிறது. காலண்டரில் பிள்ளையார் படம் போட்ட தேதி மட்டும் அவளுக்கு மறந்துபோகாமல், முதல்நாளே நான் வேலியோரம் போய் ஞாபகப்படுத்திவிடுவேன். சாமி காரியம் அல்லவா.