சுவாதிக்கும் அபிஜித்துக்கும் நடுவே

என் மாமாவுக்கு இருட்டில் கண் தெரியவில்லை என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அவருக்கே பாதிதான் தெரியும். அந்தப் பாதியையும் நம்பக் கூடாது என்று ஒரு கோடை முழுவதும் பிடிவாதமாக இருந்தார். அந்தப் பிடிவாதத்துக்கு அவர் துணை சேர்த்துக்கொண்ட ஆள், ஒன்பது வயதான நான்.

எழுபதுகளின் நடுவில், கோல் மார்க்கெட் பக்கம் சர்க்கார் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அம்மாவின் தம்பியான மாமா தில்லியில் குமாஸ்தா வேலை கிடைத்து எங்களோடு தங்கியிருந்தார். அப்பாவின் கடைசித் தங்கை, என் அத்தை, திருச்சியில் பெரியப்பா வீட்டில் இருந்தாள். இருவருக்கும் ஆவணியில் தில்லியிலேயே கல்யாணம் என்று பேசி முடித்தாயிற்று. பெண் எடுத்த வீட்டிலேயே பெண் கொடுத்தால் எதையும் விசாரிக்க வேண்டியதில்லை என்பது அப்பாவின் கட்சி. மாலைக்கண்ணில் ஆரம்பித்து நாற்பது வயதில் முழுப் பார்வையும் போன ஒருவர் அம்மா வழியில் உண்டு. அப்பா கேட்கவில்லை. அம்மாவும் தானாகப் போய்ச் சொல்லவில்லை.

மே மாதம் வந்தால் கீழே படுக்க முடியாது. மாலையிலேயே மொட்டை மாடியில் தண்ணீர் தெளித்து, கயிற்றுக் கட்டில்களை வரிசையாகப் போட்டுவிடுவோம். அக்கம்பக்கத்து மாடிகளிலும் அப்படித்தான். எட்டரை ஒன்பதுக்கெல்லாம், ஈரத் துப்பட்டியைத் தலைவரை போர்த்திக்கொண்டு தெருவே வெள்ளை வெள்ளையாகப் படுத்துக் கிடக்கும். ரிட்ஜ் காட்டிலிருந்து நரிகள் ஊளையிடும். கடைசியாக மாமா ஏறி வருவார். சுவரைத் தடவிக்கொண்டு, படிகளை வாய்க்குள் எண்ணிக்கொண்டே வருவது எனக்குக் கேட்கும். இருபத்தெட்டு என்றதும் நிற்பார். என்னோடு பேசுவார், ஆனால் என் தோளுக்குப் பின்னால் யாரோ நிற்கிற மாதிரி அங்கே பார்த்துப் பேசுவார். ஒருநாள் சட்டென்று திரும்பிப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டிதான் இருந்தது. அதற்குப் பிறகு திரும்பிப் பார்க்கவே பயமாகிவிட்டது.

அவரிடம் ஒரு தொலைநோக்கி இருந்தது. செங்கோட்டைக்குப் பின்னால் ஞாயிற்றுக்கிழமை கூடும் பழஞ்சாமான் சந்தையில் வாங்கியது. அதன் முக்காலியில் ஒரு கால் குட்டை. கல்லூரி நாட்களில் யாருடையதோ தொலைநோக்கியில் ஒரு தடவை பார்த்த பொருளை மறுபடி பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. சுவாதி, அபிஜித் என்ற இரண்டு நட்சத்திரங்களுக்கும் நடுவே இருந்தது அது. உருண்டைக் கொத்து என்று அவரே பெயர் வைத்திருந்தார். லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் ஒரே பந்தாகத் திரண்டு கிடக்கின்றன, எல்லாமே கிழடு, நம் சூரியனைவிட மூத்தவை, அங்கே புதிதாக எதுவும் பிறப்பதில்லை என்றார். இன்றைக்கு நம் கண்ணில் படுகிற வெளிச்சம் இருபதாயிரம் வருஷங்களுக்கு முன்பே கிளம்பிவிட்டதாம். அப்போது இந்த மாடி இல்லை, தில்லியே இல்லை.

"அங்க இருட்டே கிடையாது குட்டி. எந்தப் பக்கம் திரும்பினாலும் பளிச்சுனு நட்சத்திரம். ராத்திரின்னு ஒண்ணு வரவே வராது" என்றார். அவர் சொன்ன குரலில் அந்த ஊருக்கு டிக்கெட் வாங்கிவிடுவார்போல் இருந்தது.

பெரிய நட்சத்திரங்கள் அவருக்குத் தெரிந்தன. அவற்றை வைத்துக் குழாயைத் திருப்பி, என்னைக் கண்ணை வைக்கச் சொன்னார். வெறும் கறுப்புதான் தெரிந்தது. "நேரா பார்க்காதே. கொஞ்சம் தள்ளிப் பாரு. அது தானா வரும்."

வந்தது. கண்ணாடியில் ஊதிய மூச்சு மாதிரி வட்டமாக, வெளுப்பாக வந்து நின்றது. நேராகப் பார்த்தேன், போய்விட்டது. கண்ணைத் தள்ளினேன், மறுபடியும் வந்தது. எனக்கு முதுகு சில்லிட்டது. பிறகு மாமா குனிந்து வெகுநேரம் பார்த்தார். திரும்ப என்னையே பார்க்கச் சொல்லி, ஓரத்தில் பொடிப்பொடியாக இருக்கிறதா, நடுவில் கூடுதல் வெளிச்சமா என்று கேட்டுக் கேட்டு, டார்ச் வெளிச்சத்தில் நோட்டில் வரைந்துகொண்டார். பெரியவர்கள் குழந்தைகளைக் கடைக்கு விரட்டுகிற மாதிரி இதுவும் ஒரு சோம்பேறித்தனம் என்று நினைத்தேன்.

அந்த நோட்டுக்குள் ஒரு சீட்டு இருந்தது. கண் டாக்டரை வந்து பார்க்கும்படி ஆஸ்பத்திரியில் கொடுத்தது. குழந்தைக்குத் தெரிவது தனக்குத் தெரியாவிட்டால் கோளாறு கண்ணில்தான், டாக்டரிடம் போய்விடுவது, ஆடி பிறப்பதற்குள் கல்யாணத்தையும் நிறுத்திவிடுவது என்று அவர் தனக்குள் ஒரு கெடு வைத்திருந்தார். பல வருஷம் கழித்து, அத்தையின் தோளைப் பிடித்துக்கொண்டு நடக்கிற காலத்தில், அவரே இதை என்னிடம் சொன்னார். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் பயம் மட்டும்தான்.

ஓரக்கண்ணால் பார்க்கிற வித்தையைக் கற்றபின் அதை நிறுத்த முடியவில்லை. நாலாவது கட்டிலில் யாரோ எழுந்து உட்கார்ந்திருப்பார்கள். நேராகப் பார்த்தால் அப்பாவின் தலையணை. தொட்டியருகே ஒரு வெள்ளை நகரும். பார்த்தால் சுவர். இருபதாயிரம் வருஷம் நடந்து வந்த ஒன்று, நான் பார்த்ததும் ஒளிந்துகொள்கிறதென்றால் அதற்கு என்னைத் தெரியும் என்றே நம்பினேன். அது ஒருநாள் குழாயைவிட்டு வெளியே வந்துவிடும் என்று எதிர்பார்த்தேன்.

ஜூனில் ஒரு மாலை ஆந்தி என்கிற புழுதிக்காற்று அடித்தது. வாயெல்லாம் மணல். பின்னால் நாலு தூறல் விழுந்து வானம் கழுவிவிட்ட மாதிரி ஆகிவிட்டது. மாமா என்னைக் கூப்பிட்டார். கண்ணைக் குழாயில் வைத்தேன், வைத்ததும் இறுக்கி மூடிக்கொண்டேன்.

"நஹீ மாமா. வரலை."

திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். "உனக்கும் தெரியலையா?" என்றார். தெரியலை என்றேன். திடீரென்று சிரித்தார். என்னை வாரித் தூக்கி, கன்னத்தில் முத்தம் வைத்து, "புழுதிடி குட்டி, எல்லாம் ராஜஸ்தான் புழுதி!" என்றார். நோட்டிலிருந்த சீட்டை நாலாக மடித்து முக்காலியின் குட்டைக் காலுக்கு முட்டுக்கொடுத்தார். மறுநாள் எனக்குக் குல்ஃபி கிடைத்தது. அப்புறம் கேட்பானேன், ஒவ்வொரு நாளும் கண்ணை மூடிக்கொண்டு வரலை என்றேன். அவர் ஒவ்வொரு நாளும் புழுதி என்று எழுதிக்கொண்டார். பயமும் போயிற்று, குல்ஃபியும் வந்தது. வாழ்க்கையில் அவ்வளவு லாபகரமான பொய்யை நான் மறுபடி சொன்னதில்லை.

ஆவணியில் குவார்ட்டர்ஸ் முன்னாலிருந்த புல்வெளியில் ஷாமியானா போட்டுக் கல்யாணம் நடந்தது. தாலி கட்டி, அம்மி மிதித்து, அருந்ததி பார்ப்பதற்காக மாமா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். காலை பத்து மணி வெயில். சாஸ்திரிகள் வடக்கே கை காட்டச் சொன்னார், மாமா காட்டினார். தெரியறதா என்று கேட்டதற்கு அத்தை வெட்கப்பட்டுக்கொண்டே தெரியறது என்றாள். கூடியிருந்தவர்களும் தெரியறது, தெரியறது என்றார்கள். அத்தனை பேர் பட்டப்பகலில் ஒன்றைப் பார்த்தார்கள். மாமாவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை.

"குட்டி, உனக்குத் தெரியறதா?" என்றார் விளையாட்டாக.

என்ன சொன்னால் அவருக்குப் பிடிக்கும் என்பது எனக்குத்தான் தெரியுமே. முகத்தை நிமிர்த்தி, வழக்கம்போல் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "நஹீ மாமா. வரலை" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். கண்ணைத் திறந்தபோது மாமா மட்டும் சிரிக்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்க்கவில்லை, என்னையே நேராகப் பார்த்தார்.

"தினமும் இப்படித்தான் பார்த்தியா?" என்றார் மெல்ல.

"ஆமாம்" என்றேன் பெருமையாக.

அத்தையின் கையிலிருந்து அவர் பிடி நழுவியது. பிறகு அவள் திடுக்கிடும்படி இறுகப் பற்றிக்கொண்டார். மறுபடி நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். சாஸ்திரிகள் போதும் என்றார், கேட்கவில்லை. அந்த வெயிலில் அவ்வளவு நேரம் என்ன தேடுகிறார் என்று எனக்குப் புரியவில்லை. இன்றைக்குக் குல்ஃபி உண்டா என்று கேட்க, அவர் கீழே பார்க்கட்டும் என்று காத்துக்கொண்டு நின்றேன்.