பூனை பாஸ் செய்த மண்

பென்டோனைட் என்பது ஒரு களிமண் பொடி. வாங்குகிறவர்கள் அதை எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்துவார்கள், சரியாக வராதபோது மட்டும் என்னைக் கூப்பிடுவார்கள்.

எங்கள் கிடங்கு திருவொற்றியூரில் இருக்கிறது. குஜராத்தின் கட்ச் பகுதியிலிருந்து லாரியில் வரும் இந்தப் பொடியைச் சோதித்து, தரச் சான்றிதழில் கையெழுத்துப் போடுவது என் வேலை. வியாசர்பாடியில் எங்கள் வீட்டில் டிகிரி முடித்த முதல் ஆள் நான். வேதியியல். என் கையெழுத்தை நம்பி ஒரு லாரி கிளம்புவதைப் பார்த்தால் எனக்குப் பெருமை வருவதில்லை, சோதனைக் குறிப்பை இன்னொரு முறை எடுத்துச் சரிபார்க்கிறேன். ஆறு மாதம் தற்காலிகம். அதற்குப் பிறகுதான் நிரந்தர ஆணை. அப்படி ஒரு காகிதத்துக்காக, போனில் வரும் ஒவ்வொரு புது எண்ணும் புகாராக இருக்குமோ என்று பயந்தவர்களுக்கு மேலே விளக்க வேண்டியதில்லை. சேர்ந்த அன்றே முதலாளி சொல்லிவிட்டார்: "சர்ட்டிபிகேட்ல ஒரு தப்பு வந்தா, அந்த ஆர்டரை மறந்துடு."

பூனையின் தீர்ப்பு

இந்த மண் ஈரத்தை உறிஞ்சிக் கட்டியாகும். அதனால் பூனைகளின் கழிவுத் தட்டில் போடுவதற்குக் குருணையாகவும் விற்கிறோம். ராயபுரத்தில் பூனை, நாய், கிளி விற்கும் கடைக்காரர் ஒருவர், கட்டி உதிர்ந்துபோகிறது என்று புகார் சொன்னார். தட்டு, தராசு, குறிப்பேடு எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒவ்வொரு கட்டியையும் எடுத்துத் தட்டிப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன்.

அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்தவர், ஒரு சாம்பல் நிறப் பூனையைத் தூக்கிவந்து என் தட்டிலேயே விட்டார். அது மோந்து பார்த்தது, காலால் குழி பறித்தது, காரியத்தை முடித்து மூடிவிட்டுப் போனது. அவர் கரண்டியால் அள்ளினார். உதிராமல் முழுக் கட்டியாக வந்தது. "பூனையே பாஸ் பண்ணிட்ச்சி, நீ இன்னா மேடம் இன்னும் எழுதிகினு கீற?"

எர்த் குழி

இடியும் கசியும் மின்சாரமும் மண்ணுக்குள் இறங்கக் கட்டடங்களுக்கு எர்த் குழி தோண்டும்போது முன்பெல்லாம் உப்பும் கரியும் கொட்டுவார்கள். இப்போது கம்பியைச் சுற்றி எங்கள் மண்ணைக் குழைத்துப் போடுகிறார்கள். அது ஈரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். தண்டையார்பேட்டையில் ஓர் அடுக்குமாடிக்கு இதைப் போட்ட எலெக்ட்ரீஷியனிடம், திருப்திதானா என்று நானாகவே போன் செய்து கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அன்றிலிருந்து வானம் கறுத்தாலே தண்டையார்பேட்டைப் பக்கம்தான் பார்க்கிறேன். அவர் சொன்னது இதுதான்: "இடி உழட்டும் மேடம், அப்ப தெரியும் நீ பாஸா பெயிலான்னு."

முகத்துக்கு ஒரு பிடி

பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா முகத்தில் பூசக் கொஞ்சம் மண் கேட்டார். அழகு சாதனத்துக்கும் இதே மண் போகிறது என்பது உண்மை; ஆனால் எங்களிடம் இருப்பது தொழிற்சாலைக்கானது, முகத்துக்குச் சோதித்ததில்லை என்றேன். யாருக்கெல்லாம் கொடுக்கிறாய் என்று கேட்டார். பொய் சொல்ல வரவில்லை. பட்டியலில் பூனையும் இருந்தது. "பூனைக்குக் குடுப்ப, எனக்குக் குடுக்க மாட்ட. படிச்சவ ஆயிட்ட இல்ல?"

எண்ணூர்த் தண்ணீர்

எண்ணூர்க் கழிமுகம் ஓரம் ஒரு கட்டுமான இடம். தூண் போட ஆழத் துளையிடும்போது, பக்கச் சுவர் சரியாமல் இருக்க எங்கள் மண்ணைக் கரைத்து ஊற்றுவார்கள். "உங்க மண்ணு கலீஜ் மேடம், கூழ் மாதிரி வரவே இல்ல, அடியில உக்காந்துகினு கீது" என்று சூப்பர்வைசர் கத்தினார். அவர் அதை எழுதிக் கொடுத்தால் என் நிரந்தர ஆணை அந்தத் துளைக்குள்ளேயே போய்விடும்.

கலக்கிய தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். கழிமுகத்தை ஒட்டிய குழியைக் காட்டினார். ஒரு துளியை நாக்கில் வைத்தேன். உப்புத் தண்ணீரில் இந்த மண் ஊறாது. குடிநீர் லாரியிலிருந்து ஒரு பக்கெட் வாங்கிக் கலக்கிக் காட்டியதும், மதியத்துக்குள் கூழாக நின்றது. வேலைக்கு வந்த பிறகு முதல்முறையாகக் கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன். அவர் பக்கெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எண்ணூருக்கு வந்து தண்ணி உப்பா கீதுன்னு சொல்றதுக்கு ஒரு டிகிரி!"

என் கேன்

எங்கள் சோதனை சுலபம், பொறுமைதான் வேண்டும். உயரமான கண்ணாடிக் குடுவையில் கேனிலிருந்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, இரண்டு கிராம் பொடியைப் பத்து நிமிடத்துக்கு ஒரு சிட்டிகையாகத் தூவ வேண்டும். மறுநாள் அது எந்தக் கோடுவரை ஊறி எழும்பியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். எண்ணூருக்குப் போய்வந்த இரண்டு வாரத்தில் வந்த லோடு பாதிகூட எழும்பவில்லை. 'பெயில்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முதலாளி கட்ச்சுக்குப் போன் செய்து இந்தியில் கத்திவிட்டு, லோடைத் திருப்பி அனுப்பச் சொன்னார். அவ்வளவு தூரம் ஓட்டிவந்த டிரைவர் கேட்டுக்கு வெளியே லாரி நிழலில் சப்பாத்தி சுட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துவிட்டு அடுத்த சப்பாத்தியைத் தட்டினார்.

குடுவையைக் கழுவும்போதுதான் கேனின் வாயில் காய்ந்த வெள்ளைப் படிவத்தைக் கவனித்தேன். டிஸ்டில்டு வாட்டரில் அப்படிப் படியாது. எண்ணூரில் செய்ததையே செய்தேன். உப்பு. கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் ரஹீம் பாயிடம் கேட்டேன். "காலியா கெடந்துச்சும்மா. பாத்தா நீ பேஜாராயிடுவேன்னு நான்தான் போர்த் தண்ணி புட்ச்சி வெச்சேன்" என்றார், உதவி செய்த சந்தோஷத்தோடு. ஆறு மாதம் முடிய எட்டு நாள்தான் இருந்தது. பேசாமல் இருந்தால் லாரி போய்விடும், யாருக்கும் தெரியாது.

முதலாளி அறைக்குப் போனேன். "மண்ணு நல்ல மண்ணுதான் சார். தண்ணிதான் தப்பு. கேனைப் பாக்காம டெஸ்ட் பண்ணது நான்." பின்னாலேயே வந்த ரஹீம் பாய், "ஊத்துனது நான்" என்றார். புதுக் கேன் திறந்து மறுபடி தூவினேன். மறுநாள் மண் கோட்டைத் தாண்டி நின்றது, லோடு இறங்கியது, டிரைவர் போகும்போது ஹாரன் அடித்தார். முதலாளி கட்ச்சுக்கு மன்னிப்புக் கேட்டு முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "உண்மைய சொன்ன, அதனால வேலை இருக்கு. தப்பு பண்ண, அதனால இன்னும் மூணு மாசம் டெம்பரரி."

கழிமுகத்தின் துளையைச் சரியாமல் நிறுத்தவும், இடியை உள்ளே வாங்கவும், ராயபுரத்துப் பூனையைத் திருப்திப்படுத்தவும் தெரிந்த இந்த மண்ணுக்கு, என்னை ஒரு வேலையில் நிலையாக நிறுத்த மட்டும் இன்னும் மூன்று மாதம் தேவைப்படுகிறது.