பெரிய போத்தல்

பிள்ளையள், நேற்றுக் கடையில் ஷாம்பூப் போத்தல்களின் விலையை மில்லிலீற்றர்க் கணக்கில் பிரிச்சுப் பாத்து, "அப்பா, பெரிசுதான் லாபம்" எண்டு சொன்னீங்கள். கணக்குச் சரி. ஆனால் நான் சின்னதைத்தான் எடுத்தனான்.

எனக்கு ஒரு தங்கச்சி இருந்தவள். அப்ப அவளுக்கு நாலு வயது. நெஞ்சுச்சளிக்குப் பாணி மருந்து வாங்க, அனலைதீவிலிருந்து வள்ளத்தில் ஐயாவோட, அதான் உங்கட அப்பப்பாவோட, ஊர்காவற்றுறைக்குப் போனனான். கடைக்காரர் சின்னப் போத்தலை நீட்டினார்.

"பெரிசைத் தாரும். விலையும் லாபம். ஒவ்வொருக்காலும் வள்ளக்கூலி குடுக்க ஏலாது," எண்டார் ஐயா.

மூண்டாம் நாள் தங்கச்சி செத்துப்போனாள். அம்மா போத்தலைக் காட்டி, "இனி ஆருக்கப்பா உந்த மிச்சம்?" எண்டு கேட்டா. ஐயா போத்தலை வாங்கிக் குசினித் தட்டில் வைச்சார்.

அவளைத் தாட்டுப்போட்டு வந்த பின்னேரம், நான் தனியக் குசினிக்குள் போய், அந்த மருந்தில் ஒரு கரண்டி குடிச்சுப் பாத்தன். நல்லா இனிச்சது.